12 வருடமாக ப்ளூரே பிளேயர்: முதலில் சாகப்போவது டிஸ்க் இல்லை

2013 தீபாவளிக்கு முன்னால் பினாங்கில் கொம்தார் கட்டடத்துக் கடையில் வாங்கிய ப்ளூரே பிளேயர் இன்னும் என் வீட்டில் ஓடுகிறது. ஓடுகிறது என்றால், பொத்தானை அமுக்கினால் டிரே உடனே வெளியே வராது, மேல்மூடியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும், அப்புறம் யோசித்து யோசித்து வரும். அதோடு சேர்த்து இப்போது வீட்டில் முன்னூற்றுச் சொச்சம் டிஸ்க் இருக்கின்றன. பாதிக்கு மேல் டிவிடி, ஒரு பெட்டி நிறைய விசிடி, ப்ளூரே அறுபது தேறும். ஸ்ட்ரீமிங்குக்கும் மாதாமாதம் காசு கட்டுகிறேன். ஆக, நான் எந்தக் கட்சியும் இல்லை.

விசிடி பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் பல தடவை சொல்லியாகிவிட்டது. அதெல்லாம் லிட்டில் இந்தியாவில் லெபோ பாசார் பக்கம் அம்மா வாங்கியவை, உறையில் மினுக்கும் அசல் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் காசு கொடுப்பார். ஒரு விசிடியில் எண்பது நிமிடம்கூடத் தாண்டாது என்பதால் நம் படங்களுக்கு இரண்டு போதாது, மூன்றாக வரும். முதல் டிஸ்க் முடிந்ததும் அம்மா எழுந்து போய்க் குழம்பை இறக்கி வைப்பார், இரண்டாவது முடிந்ததும் துணி எடுக்கப் போவார். படத்தின் தரம் இன்றைய டிவியில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும், அதை நியாயப்படுத்த முடியாது.

ப்ளூரே கதை வேறு. சாதாரண ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை போகலாம், 4கே டிஸ்க்கில் மொத்தம் 128 வரை. ஸ்ட்ரீமிங்கில் 4கே என்று எழுதியிருந்தாலும் வருவது பெரும்பாலும் இருபதை ஒட்டித்தான். பகல் காட்சியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன். இருட்டுக் காட்சியில்தான் குட்டு வெளிப்படும்: கறுப்பு வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகப் பிரியும், புகையும் மழையும் வந்தால் முகமே குழைந்துபோகும். ஒலியில் இன்னும் அதிகம். நல்ல ப்ளூரேயில் ஒலி எதையும் இழக்காமல் வருகிறது, ஸ்ட்ரீமிங்கில் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், அதற்காக டிஸ்க் வாங்காதீர்கள்.

எனக்கு டிஸ்க் பிடித்துப்போனதற்குக் காரணம் தரம் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் மலேசியாவுக்கு வந்த பிறகு நானும் கொஞ்ச காலம் டிஸ்க் வாங்குவதையே நிறுத்தினேன். அப்புறம் ஒரு தளத்தில், பெயர் வேண்டாம், பாதி பார்த்து வைத்திருந்த பழைய படத்தை மறு வாரம் தேடினால் காணோம். உரிமம் முடிந்தால் எடுத்துவிடுவார்கள், ஒப்பந்தம் அப்படி. இன்னொரு தளத்தில் இருந்தது, ஆனால் மலேசியாவில் பார்க்க அனுமதி இல்லையாம். அதே படம் என் அலமாரியில் "3 இன் 1" டிவிடியில் கிடந்தது, மூன்று படத்தை ஒரே டிஸ்க்கில் அமுக்கி, மூலையில் விற்றவரின் முத்திரையோடு. பார்க்கச் சகிக்காத பிரதிதான். இருந்தாலும் அன்று ராத்திரி முழுப் படமும் பார்த்தேன்.

சரி, டிஸ்க்கின் பிரச்சினைக்கு வருவோம். பினாங்குக் காற்று இதற்கு எமன். மூன்று வருடம் திறக்காத பெட்டியில் டிஸ்க்கின் மேல் கோலம் போட்ட மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெறும் தண்ணீர், மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. விசிடிக்கு இன்னொரு ஆபத்து உண்டு: அதன் மினுக்கும் படலம் பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு நேர் கீழே இருக்கிறது, அங்கே கீறல் விழுந்தால் கதை முடிந்தது. டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருப்பதால் தப்பிக்கிறது. ப்ளூரேயில் தகவல் அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான், ஆனால் மேலே கடினமான பூச்சு இருக்கிறது. என்னிடம் இதுவரை ஒரு ப்ளூரேகூடக் கீறலால் போகவில்லை.

போனதெல்லாம் இயந்திரம்தான். டிரேயைத் தள்ளும் சின்ன ரப்பர் பட்டை இறுகி, பளபளத்து, வழுக்க ஆரம்பிக்கும். கழற்றிக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் சில மாதம் தாங்கும் (நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் பேண்டையும் மாட்டிப் பார்த்தேன், வேண்டாம்). லேசர் கண் மங்கினால்தான் தலைவலி, டிவிடி ஓடும், ப்ளூரே ஓடாது. பழுது பார்க்கும் ஆளே, "புதுசா வாங்குங்கண்ணே, இதுக்குச் சாமான் கிடைக்காது" என்று அனுப்பிவிட்டார். நானே கழற்றிக் கண்ணைத் துடைத்து மறுபடி ஓட வைத்தேன்.

புதுசு எங்கே வாங்குவது? ஓப்போ 2018-இல் இந்தத் தொழிலை விட்டது, சாம்சங் 2019-இல் அமெரிக்காவில் புது மாடல் இல்லை என்றது, எல்ஜியும் 2024-இல் நிறுத்திக்கொண்டது. டிஸ்க் அனுப்பியே வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ், தபாலில் டிவிடி அனுப்புவதை 2023 செப்டம்பரில் முடித்தது. மறுபக்கம் வெளிநாட்டில் பழைய படங்களை 4கே டிஸ்க்காகப் போட்டு விற்கும் சின்னக் கம்பெனிகள் இருக்கின்றன, வாங்க ஆளும் இருக்கிறது. கிராமபோன் தட்டு மாதிரி ஒரு மூலையில் இது ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூலையில் தமிழுக்கு இடம் கிடைக்குமா? புதுத் தமிழ்ப் படம் டிஸ்க்காக வருவதே அரிதாகிவிட்டது. இன்று வரும் படங்களுக்கு அந்த "3 இன் 1" கூடக் கிடையாது.

வாங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ப்ளூரேயை வட்டாரம் பிரித்து விற்கிறார்கள், ஒரு வட்டாரத்து டிஸ்க் இன்னொரு வட்டாரத்துப் பிளேயரில் ஓடாமல் போகலாம். மலேசியா ஏ வட்டாரம், இந்தியா சி, இங்கிலாந்து பி. இது தெரியாமல் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ஒரு டிஸ்க் இன்றுவரை என் பிளேயரில் ஓடவில்லை, அழகான பெட்டி என்பதால் வைத்திருக்கிறேன். 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது.

போன மாதம் ஞாயிறு காலை லோரோங் கூலிட் சந்தையில் என் மாடலே இன்னொன்று பழைய மிக்ஸி, இஸ்திரிப்பெட்டிக்கு நடுவில் கிடந்தது. விலை 30 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், டிரே முதல் அமுக்கலிலேயே வந்தது. துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். ரிமோட் மட்டும் அதற்கு இல்லை, என்னுடையதைத்தான் இனி கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.