பேராதனையிலிருந்து திருமலைக்குக் குடிமாற வாடகைப் பட்டா லொறி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

படிப்பு முடிந்து, கலியாணமும் முடிந்து, முதல் நியமனம் திருமலையில், அதாவது திருகோணமலையில் என்று கடிதம் கிடைத்ததும் இளம் சோடிகள் முதலில் வீடு தேடுவார்கள், அடுத்ததாக லொறி தேடுவார்கள். வீட்டுக்கு ஆளுக்கொரு ஆலோசனை வரும். லொறி என்று வந்தால் "ஒரு பட்டாவைப் பிடிச்சு ஏத்திக்கொண்டு வாங்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பட்டா என்றால் இங்கே வாடகைக்கு ஓடும் சின்ன லொறி. கட்டில் கால் முறிவதும், பிரிட்ஜ் பழுதாவதும், பேசிய காசுக்கு மேலே காசு போவதும் அந்தப் பட்டாவில்தான். கண்டி, பேராதனைப் பக்கமிருந்து திருமலைக்கு வரும் இரண்டு பேர் குடும்பத்துக்கு வாடகைப் பட்டாச் சேவை எவ்வளவு பொருந்தும் என்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூடிய கூடுள்ள பட்டா, விடிய ஐந்து மணிப் பயணம், முன்கூட்டியே எழுத்தில் பேசிய கூலி ஆகிய மூன்றும் அமைந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. திறந்த பட்டாவைப் பின்னேரத்தில் பிடித்து, வாய்ப்பேச்சை நம்பி ஏற்றினால், மிச்சம் பிடித்த காசு இரண்டு மடங்காகப் போகும்.

பட்டாவின் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளம், 5 அடி அகலம். மாடலுக்கு மாடல் வித்தியாசம் உண்டு என்றாலும் பாரம் 750 கிலோ அளவுக்கு ஏற்றலாம். புதுக் குடும்பத்தின் கட்டில், மெத்தை, இரும்பு அலுமாரி, சின்ன பிரிட்ஜ், மேசை, இரண்டு கதிரை, குசினிச் சாமான், புத்தகம் எல்லாம் சேர்ந்தாலும் 500 கிலோவைத் தாண்டுவது அரிது. ஆகவே பாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டாவில் பாரம் முடிய முன்னம் இடம் முடிந்துவிடும், கவனிக்க வேண்டியது அதைத்தான். மோட்டார் சைக்கிளையும் ஏற்ற நினைத்தால் தட்டில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அப்போது பட்டாவை விட்டுவிட்டு பெரிய லொறி பேசுவதுதான் புத்தி. இன்னொன்றையும் பலர் கடைசி நிமிடத்தில்தான் கவனிப்பார்கள்: முன்னுக்கு சாரதியோடு ஒருவர்தான் இருக்கலாம். உதவியாள் வந்தால் அந்த இடமும் இல்லை. பின்தட்டில் சாமானோடு ஆள் ஏறுவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. ஒருவர் லொறியோடும் மற்றவர் பஸ்ஸிலும் வருவதாகத் திட்டம் போடுங்கள். முதல் நாளே பஸ்ஸில் வந்து வீட்டைக் கூட்டிக் கழுவி வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கூலி பேசும்போது "கண்டியிலிருந்து திருமலைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. போக ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வெறும் லொறியாகத் திரும்பும் 180ஐயும் கணக்கில் சேர்க்கிறார்களா, காத்திருக்கும் மணிக்குத் தனிக் காசா, ஏற்றி இறக்குவது சாரதியின் வேலையா உங்கள் வேலையா, மேல்மாடி என்றால் கூலி கூடுமா என்பவற்றைக் கேட்டு, பதிலை வட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். சண்டைகளில் பெரும்பாலானவை 'காத்திருப்பு', 'இறக்குகூலி' என்ற இரண்டு சொல்லில்தான் கிளம்புகின்றன. சாரதியைக் குறை சொல்லவும் முடியாது. இரும்பு அலுமாரியை மாடிக்குத் தூக்குவது லொறி ஓட்டும் வேலையில் சேராது. அதற்குப் பாரம் தூக்கும் நாட்டாமை ஆட்கள் இரண்டு பேரைத் தனியாகப் பேசுங்கள்.

மலிவாக வர நல்ல வழி, திருமலையிலிருந்து மலைநாட்டுக்குச் சாமான் கொண்டுபோய் வெறுமையாகத் திரும்பும் லொறியைப் பிடிப்பது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. திருமலையிலிருந்து மேலே போவதில் மீன் லொறிகள் நிறைய. கழுவிவிட்டோம் என்பார்கள். ஆனால் ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் தட்டின் மூலைகளிலும் பலகை இடுக்கிலும் நின்றுகொண்டிருக்கும். கதவைத் திறந்து, உள் மூலையில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். மெத்தையின் பஞ்சு அந்த மணத்தை ஒருக்கால் குடித்தால் எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் போகாது. இரும்பு அலுமாரியின் காலும் அந்த உப்பில்தான் முதலில் கறள் பிடிக்கும்.

இனி ஏற்றும் முறை. சேவை நல்லதா கெட்டதா என்பது பாதி இங்கேயே தெரிந்துவிடும். தெரிந்த சாரதி முதலில் எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிப் பார்ப்பார். தெரியாதவர் வாசலுக்கு வரும் வரிசையிலேயே ஏற்றத் தொடங்குவார்.

முதலில் ஏற வேண்டியவை புத்தகமும் கொப்பியும். பட்டதாரிகள் இரண்டு பேர் என்றால் வீட்டிலேயே கனமான சாமான் அதுதான். பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். போட்டோக்கொப்பிக் கடையில் ஏ-4 தாள் வரும் பெட்டிகளைக் கேட்டு வாங்குங்கள். ஒரு கட்டு 500 தாள் 2.5 கிலோ, ஐந்து கட்டு கொள்ளும் பெட்டி 12.5 கிலோ, ஒரு ஆள் சுகமாகத் தூக்கலாம். இந்தப் பெட்டிகள் சாரதியின் முதுகுப் பக்கம் இருக்கும் முன்சுவரோடு, தட்டின் அடியில் வரிசையாக வரவேண்டும். அம்மி இருந்தால் அதுவும் அங்கேயே, சாக்கின் மேல். கனம் பின்கதவுப் பக்கம் போனால் முன் சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பிடிகொடுக்காது.

அடுத்தது பிரிட்ஜ். முதல் நாள் இரவே நிறுத்தி, ஐஸ் உருகவிட்டு, துடைத்து, தட்டுகளை வெளியே எடுத்து, கதவை ரேப் போட்டு ஒட்டுங்கள். முன்சுவரோடு நிமிர்த்தி நிறுத்த வேண்டும். படுக்க வைத்தால் கொம்பிரசருக்குள் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும், அப்படியே சுவிட்சைப் போட்டால் கொம்பிரசர் போய்விடும். முதுகில் கறுப்புக் கம்பி வலை தெரியும் மாதிரி பிரிட்ஜ் என்றால் கயிறு அந்த வலையின் மேல் போகக் கூடாது. 180 கிலோமீற்றர் உராய்ந்து ஒரு குழாய் நெளிந்தாலே காஸ் கசிந்துவிடும்.

இரும்பு அலுமாரியை வெறுமையாக்கி, கண்ணாடியைக் கழற்றி, பூட்டி, திறப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு பக்கப் பலகையில் படும்படி நிறுத்துங்கள். படுக்க வைத்தே ஆகவேண்டும் என்றால் முதுகு கீழே இருக்க வேண்டும். கதவு கீழே போனால் நெளியும், பிறகு ஒருநாளும் ஒழுங்காகப் பூட்டாது. அலுமாரிக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் மெத்தையைப் பிளாஸ்ரிக் உறையோடு நிமிர்த்திச் செருகினால் அது இரண்டுக்கும் தலையணை. கட்டிலைக் கழற்றும்போது போல்ட், நட் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, தலைமாட்டுப் பலகையிலேயே கட்டிவிடுங்கள். சட்டைப் பையில் போட்ட நட்டு திருமலைக்கு வந்து சேராது. குறுக்குப் பலகைகளுக்குச் சோக்கால் இலக்கம் போட்டால் இரவே கட்டிலைப் பூட்டிப் படுக்கலாம். பீங்கான் சாப்பாட்டுக் கோப்பைகளைப் படுக்கையாக அடுக்காமல், பேப்பர் சுற்றி விளிம்பில் நிறுத்தி, இடைவெளியில் உடுப்பைத் திணியுங்கள்.

பார்ட்டிக்கல் போட் அலுமாரியைக் கொண்டுவர வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம். கழற்றினால் திருகாணி ஓட்டை தளர்ந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் வாடைக் காலத்து ஈரத்தில் ஊதிப்போகும். அங்கேயே விற்றுவிட்டு, இங்கே மத்திய வீதியிலோ என்.சி. வீதியிலோ தேவையானதைப் பார்த்து வாங்கலாம். காஸ் சிலிண்டரும் அப்படித்தான். மூடிய கூட்டுக்குள் நிறைந்த சிலிண்டரை ஏற்றவே கூடாது. காஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் தட்டின் அடியிலேயே தங்கும். முடிந்த வெற்றுச் சிலிண்டரைக் கொண்டுவந்து அதே கொம்பனிச் சிலிண்டராக மாற்றிக்கொள்ளுங்கள். ரெகுலேற்றரை மட்டும் கழற்றிப் பையில் கொண்டுவாருங்கள்.

கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். குத்துவிளக்கு, பால் காய்ச்சும் பானை, அரிசி, உப்பு, மஞ்சள், தும்புத்தடி, வாளி, ஸ்பானர், இரண்டு மின்குமிழ். பழைய வாடகைக்காரர் குமிழ்களையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோல்டர் பின் மாதிரியா திருகு மாதிரியா என்று வீட்டுக்காரரிடம் முன்னமே கேட்டுவிடுங்கள்.

நைலோன் கயிறு எவ்வளவு இறுக்கினாலும் முதல் மணித்தியாலத்தில் தளரும், மெத்தையும் அமுங்கும். அலவத்துகொடை கடந்து பலகடுவ வளைவுகளில் பாரம் சாயத் தொடங்கும். ஆகவே மாத்தளையில் நிறுத்தி எல்லா முடிச்சையும் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். கேட்காமலே இறங்கிப் பார்க்கும் சாரதி கிடைத்தால் அவருடைய நம்பரைப் பத்திரப்படுத்துங்கள். ஐப்பசி தொடக்கம் தை வரை கண்டியில் வெயில் அடித்தாலும் ஹபரணை தாண்டியதும் மழை கொட்டலாம். மூடிய கூட்டிலும் பின்கதவு இடுக்கால் தண்ணீர் ஊறும். தறப்பாள் ஒன்று உள்ளே இருக்கட்டும்.

புறப்படும் நேரம் விடிய ஐந்து. தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக, தேத்தண்ணிக்கு நின்று வந்தாலும் பதினொன்று, பதினொன்றரைக்குள் திருமலை. பின்னேரம் புறப்பட்டால் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே பொழுதுபடும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். யானை வீதிக்கு வரும் நேரம் அது. பாரம் ஏற்றிய பட்டா சட்டென்று நிற்கவும் மாட்டாது, பின்வாங்கவும் மாட்டாது.

நேரம் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெள்ளி ராகுகாலம் 10.30 முதல் 12 வரை. லொறி வந்து கேற்றடியில் நிற்க, இறக்க முடியாமல் காத்திருப்புக் காசு ஓடும். புதன் 12 முதல் 1.30 வரை, அரை மணித்தியாலம் பிந்தினாலே மாட்டும். திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30. இரண்டுமே லொறி வீதியில் ஓடும்போதே கழிந்துவிடும். கந்தோருக்குப் போகிறவர்களுக்குச் சனிதான் வசதி. முதல் நாளே நல்ல நேரத்தில் பால் காய்ச்சி முடித்துவிட்டால் லொறி எப்போது வந்தாலும் இறக்கலாம்.

திருமலைக்குள் வந்த பிறகு பட்டாவின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: அதன் சின்ன உருவம். உவர்மலை ஏற்றங்களிலும் திருக்கடலூர் ஒழுங்கைகளிலும் பெரிய லொறி சந்தியிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சாமானைத் தோளில் காவ வேண்டும். பட்டா வாசல்வரை வரும். ஆனால் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் அதே பட்டா புதையும். சக்கரம் 12 அங்குலம், ரயரும் ஒடுக்கம். புதைந்ததும் அக்சிலேற்றரை மிதித்தால் குழிதான் ஆழமாகும். பாதிப் பாரத்தை இறக்கி, சக்கரத்தின் முன்னால் மணலை வழித்து, தென்னமட்டையைச் செருகி மெதுவாக எடுக்க வேண்டும். வீடு பார்க்கப் போகும்போதே ஒழுங்கையைக் காலால் மிதித்துப் பாருங்கள். செருப்பு புதைந்தால் தார் வீதியிலேயே லொறியை நிறுத்தும் திட்டத்தோடு வாருங்கள். மூடிய கூடு என்பதால் குறுக்கே தொங்கும் வயர்களின் உயரத்தையும் ஒருதரம் அண்ணாந்து பாருங்கள்.

நகரத்துக்குள் வீடு என்றால் இறக்கும்போது மரக்கறிக் கூடையையும் அரிசிப் பையையும் முதலில் உள்ளே எடுத்துவிடுங்கள். மான்கள் வீதியால் சுதந்திரமாகத் திரியும் ஊர் இது. பார்க்க அழகுதான், ஆனால் நாலு பேர் அலுமாரியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் கீரைக்கட்டு போய்விடும். கழித்த பிளாஸ்ரிக் உறைகளையும் ரேப்பையும் வெளியே போடாதீர்கள். அவை தின்றுவிடும், வயிற்றில் கட்டிச் சாகும்.

மிச்சக் காசைக் கொடுக்க முன்னம் அலுமாரிக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், பிரிட்ஜின் முதுகைப் பாருங்கள், தட்டின் மூலையில் ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜைக் கடற்காற்று நேரே அடிக்கும் யன்னலுக்குக் கிட்ட வைக்க வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி நிறுத்துங்கள். நிமிர்ந்தே வந்திருந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம், வழியில் படுத்து வந்திருந்தால் அடுத்த நாள் வரை பொறுத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.