கடலோர கேம்ப்புக்கு ஆல் இன் ஒன் தூண்டில் காம்போ செட் போதுமா? உப்புத்தண்ணில அடிச்சுப் பார்த்த ரிவ்யூ

ஆன்லைன்ல தூண்டில்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது இந்த காம்போ செட்டுங்கதான். மடக்குற டெலஸ்கோபிக் ராடு, ஸ்பின்னிங் ரீலு, ஏற்கனவே சுத்தி வச்ச நரம்பு (தூண்டில் கயிறு), கலர் கலரா லூர் (செயற்கை இரை), தூண்டில் முள்ளு, ஈயம், ஒரு இடுக்கி, எல்லாத்தையும் திணிச்சு தோள்ல மாட்டிக்கிற ஒரு பை. கடை கண்ணி இல்லாத ஏதோ ஒரு கடலோர ஊருக்கு டென்ட் தூக்கிட்டு போய் தங்கி மீன் பிடிக்கணும்னு பிளான் போடுறவங்க நிறைய பேர் இதைத்தான் கார்ட்ல போடுறாங்க, லக்கேஜும் கம்மி யோசிக்கிற வேலையும் கம்மி. அப்படி ஒரு ட்ரிப்புக்கு இதை கொண்டு போய் மணல், உப்பு, காத்து எல்லாத்துலயும் போட்டு படுத்தி எடுத்துட்டுதான் எழுதுறேன். ராடு சுமார், ரீலு பரவால்ல, நரம்பு வேஸ்ட், பாக்ஸுக்குள்ள இருக்குறதுல முக்காவாசிய வீட்லயே வச்சிட்டு போகலாம். ஊருக்குள்ள ஏரிக்கு போறவங்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல, ஒண்ணு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். ஒரு முள்ளு வேணும்னாகூட பல மைல் திரும்பி வரணும்ங்குற இடத்துக்கு போறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ.

முதல்ல ராடு. மடக்கினா பைக்குள்ள போயிடும், நீட்டினா கிட்டத்தட்ட 3 மீட்டர், இதுதான் இதோட ஒரே பெரிய பிளஸ். மைனஸ் என்னன்னா மணல். டெலஸ்கோபிக் ராடுல ஒவ்வொரு துண்டும் இன்னொரு துண்டுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும், கடற்கரைல அதை ஒரு தடவ கீழ வச்சாலே போதும், ஜாயின்ட்ல மணல் ஒட்டிக்கும், அப்படியே மடக்கினா உள்ள கரகரன்னு சத்தம் கேக்கும், அந்த சத்தம் கேட்டா அப்பவே நிறுத்திடுங்க, அது மணல் கார்பனை சொறியற சத்தம். மடக்குறதுக்கு முன்னாடி ஈரத்துணியால ஒவ்வொரு துண்டையும் துடைச்சிட்டு மடக்கணும். நீட்டும்போது நுனில இருந்து ஆரம்பிக்கணும், மடக்கும்போது அடிப்பக்கத்து தடிச்ச துண்டுல இருந்து. வளையமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கான்னு ரீல் பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடி பாருங்க, இந்த செட்ல நடுவுல இருக்குற வளையங்க சும்மா நழுவி உக்காருற டைப், நாலு வீச்சுக்கு ஒரு தடவ தானா திரும்பிக்குது, திரும்பினதை கவனிக்காம பலமா வீசினா நரம்பு சிக்கி ஈயம் மட்டும் தனியா கடலுக்கு போயிடும்.

ராடு மேல 100 கிராம் வரைக்கும்னு போட்டிருக்கு. அதை நம்பி 100 கிராம் ஈயத்தை மாட்டி முழு பலத்தோட வீசாதீங்க, 70 கிராம் தாண்டினதுமே நுனி தொளதொளன்னு ஆடுது. நிறைய பேர் தூரமா வீசினாத்தான் மீன்னு நினைக்கிறாங்க, அது பாதி நேரம் தப்பு. அலை வெள்ளையா உடைஞ்சிட்டே இருக்கும்போது நடுவுல ஒரு இடத்துல மட்டும் உடையாம தண்ணி கொஞ்சம் கருப்பா தெரியும் பாருங்க, அங்க தரை ஆழம், கரைக்கு பக்கத்துலயே இருக்குற அந்த பள்ளத்துலதான் மீன் இரை தேடி வரும். அதுக்கு இந்த ராடு தாராளமா எட்டும். ஆனா அதே இடத்துல தண்ணி கடலை பாத்து இழுத்துட்டு போற ஓட்டமும் இருக்க வாய்ப்பு அதிகம், பாக்க அமைதியா இருக்குதேன்னு கூட வந்தவங்களை அங்க குளிக்க விட்டுடாதீங்க. மாட்டிக்கிட்டா கரையை பாத்து எதிர்த்து நீந்தாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும், இதை ராத்திரி டென்ட்ல உக்காந்து சொல்லாம முதல் நாளே சொல்லிடுங்க.

இன்னொண்ணு, இது கார்பன் கலந்த ராடு, கார்பன் மின்சாரம் கடத்தும். இடி சத்தம் கேட்டா மீன் கடிச்சிட்டு இருந்தாலும் பரவால்லன்னு கீழ போட்டுட்டு தள்ளி போயிடணும்.

ரீலு நான் எதிர்பார்த்ததை விட நல்லாவே இருந்துச்சு. 4000 சைஸ், கரைல இருந்து வீசுறதுக்கு இந்த அளவு சரி, இன்னும் பெருசா வேணும்னா 5000, 6000 போகலாம். டப்பால பதிமூணு பேரிங்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான், அதெல்லாம் பாத்து மயங்காதீங்க, உப்புத்தண்ணில பேரிங் எண்ணிக்கை அதிகமா இருந்தா துருப்பிடிக்கிற இடமும் அதிகம்னுதான் அர்த்தம். ஷிமானோ, டைவா, பென் மாதிரி கம்பெனிங்க கடலுக்குன்னே செய்யற ரீலுங்கள்ல தண்ணி உள்ள போகாம தடுக்குற சீல்தான் முக்கியமான விஷயம், எத்தனை பேரிங்ங்குறது இல்ல. இந்த செட் ரீலுல அந்த சீல் எல்லாம் எதுவும் இல்ல, அதனால நாமதான் பாத்துக்கணும். முதல்ல சிக்குற இடம் லைன் ரோலர், அதாவது நரம்பை சுத்தி விடுற வளைஞ்ச பெயில் கம்பியோட ஓரத்துல நரம்பு உரசி ஓடுற அந்த குட்டி உருளை. தினமும் சாயந்தரம் விரலால அதை உருட்டி பாருங்க, உருளாம நின்னுடுச்சுன்னா நரம்பு ஒரே இடத்துல தேய்ஞ்சு நாசமாயிடும், ஒரு சொட்டு ரீல் ஆயில் விட்டா சரியாகும். கழுவுறதும் ஒரு முறை இருக்கு, டிராக் குமிழை (மீன் பலமா இழுத்தா நரம்பை விட்டுக் கொடுக்குற பிரேக்கோட திருகு) நல்லா டைட் பண்ணிட்டு நல்ல தண்ணிய மேல லேசா தெளிச்சு துடைக்கணும், பக்கெட்ல முக்கக்கூடாது, காஞ்சதும் டிராக்கை லூஸ் பண்ணி வைக்கணும் இல்லன்னா உள்ள இருக்குற வாஷருங்க நசுங்கியே கிடக்கும்.

டிராக் செட்டிங்கை கையால இழுத்து பாத்து ஒரு குத்துமதிப்பா வைக்காம மீன் எடை பாக்குற தொங்கு தராசு ஒண்ணு எடுத்துட்டு போங்க. ராடுல நரம்பை கோத்து நுனி முடிச்சை தராசு கொக்கில மாட்டி இழுக்கணும், நரம்பு எவ்வளவு தாங்குமோ அதுல கால்வாசில இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள டிராக் வழுக்கணும். 20 பவுண்டு தாங்குற நரம்புன்னா அது சுமார் 9 கிலோ, அப்போ ரெண்டே கால்ல இருந்து 3 கிலோவுக்குள்ள ரீல் கிர்ர்ருன்னு விட்டுக் கொடுக்கணும். கரைல வச்சு இதை பண்ணிட்டீங்கன்னா பெரிய மீன் மாட்டின பதட்டத்துல குமிழை திருகிட்டு நிக்க வேண்டாம்.

இப்போ நரம்பு, இங்கதான் செட் சொதப்புது. சுத்தி வந்த மோனோ (ஒத்தை இழை நைலான் நரம்பு) எத்தனை நாள் குடோன்ல கிடந்துச்சோ தெரியல, நரம்பு சுத்தி இருக்குற ஸ்பூல்ல இருந்து அவுத்தா ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டே வருது, அதுவும் ஸ்பூல் பாதிதான் நிரம்பி இருக்கு. ஸ்பூல் விளிம்புக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கீழ வரைக்கும் நரம்பு இருந்தாத்தான் வீச்சு தூரம் போகும், கம்மியா இருந்தா விளிம்புல உரசி பாதி தூரத்துலயே விழுந்துடும். கிளம்புறதுக்கு முன்னாடி அதை உருவி எடுத்துட்டு 20 இல்ல 30 பவுண்டு பிரெய்டு (பல இழை பின்னின நரம்பு) போட்டுடுங்க. பிரெய்டு அதே பலத்துக்கு மோனோவை விட ரொம்ப மெலிசு, இழுபடாது, அதனால தூரத்துல மீன் லேசா தொட்டாக்கூட கைல தெரியும். வெறும் ஸ்பூல் மேல நேரா பிரெய்டை சுத்தினா மொத்தமா வழுக்கி சுத்தும், அடில கொஞ்சம் மோனோ சுத்தி அதுக்கு மேல போடணும். நரம்போட முனைல ஷாக் லீடர்ங்குற தடிச்ச நரம்புத் துண்டு கட்டாயம் வேணும், கணக்கு என்னன்னா ஈயம் ஒவ்வொரு அவுன்ஸுக்கும், அதாவது 28 கிராமுக்கு, 10 பவுண்டு லீடர். 70 கிராம் ஈயத்துக்கு 25 வருது, 30 போட்டுக்கங்க. வீசும்போது லீடர் ராடு நீளத்தை தாண்டி ஸ்பூல்ல ஒரு நாலஞ்சு சுத்து இருக்குற அளவுக்கு நீளமா விடணும், ஏன்னா வீச்சோட அதிர்ச்சிய தாங்குறது அதுதான், இது இல்லாம வீசி நரம்பு அறுந்தா ஈயம் எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்லவே முடியாது, பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க. ரெண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும், காத்துல கை நடுங்குற நேரத்துல அதை விட சிக்கலான எஃப்ஜி முடிச்சு போட்டுட்டு உக்காந்திருந்தா விடிஞ்சிடும்.

பாக்ஸ்ல இருக்குற லூருங்களோட மும்முனை முள்ளெல்லாம் ஒரே ராத்திரில பழுப்பாயிடுச்சு. ரப்பர் புழுவெல்லாம் நல்ல தண்ணி மீனுக்கு செஞ்சது. உருப்படியா இருக்குறது ஈயமும் நரம்பு முறுக்காம தடுக்குற சுழலியும் மட்டும்தான், அந்த ஈயமும் உருண்டை, மணல் தரைல அலை அடிச்சா உருண்டு கரைக்கே வந்துடும், பிரமிடு ஷேப்தான் மணல்ல குத்தி நிக்கும். அதுக்கு பதிலா ஒரு சின்ன டப்பால சர்க்கிள் முள்ளு (முனை உள்பக்கமா வளைஞ்சது), பிரமிடு ஈயம், நீளமூக்கு இடுக்கி, கம்பி வெட்டுற கட்டர் இது போதும். கட்டர் மீனுக்கு இல்ல, முள்ளு நம்ம விரல்ல ஏறினா வெட்டி எடுக்குறதுக்கு.

பிளைட்ல போறவங்க முள்ளு, ராடு எல்லாத்தையும் செக்-இன் லக்கேஜ்ல போடுங்க, பவர் பேங்க் மட்டும் கைப்பைலதான் வரணும், 100 வாட் அவர் வரைக்கும் பொதுவா விடுவாங்க, அது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச். அடுப்புக்கான கேஸ் கேனிஸ்டர் எதுலயும் ஏத்த விடமாட்டாங்க, இறங்கின பெரிய ஊர்லயே வாங்கிடணும், கடைசி சின்ன ஊர்ல கிடைக்கும்னு நம்பி போனா பச்சைத்தண்ணிதான். தண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு, ரீல் கழுவுற தண்ணி அதுல சேராது.

தேதி எப்போன்னு முடிவு பண்ணும்போது லீவ் லிஸ்டை மட்டும் பாக்காம நிலாவையும் பாருங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி கடல் மட்டத்தோட ஏத்தம் இறக்கம் பெருசா இருக்கும், தண்ணி வேகமா ஓடும், பாதி நிலா நாள்ல சோம்பேறியா இருக்கும். பெரும்பாலான கரைல ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால தினமும் 50 நிமிஷம் தள்ளிப் போகும், இன்னைக்கு காலைல 6 மணிக்கு நல்லா கடிச்சுதுன்னா நாளைக்கும் அதே 6 மணிக்கு போய் நின்னுட்டு மீனை திட்டாதீங்க. ஏத்தம் ஆரம்பிச்சு மூணாவது நாலாவது மணி நேரத்துலதான் தண்ணி மட்டம் ரொம்ப வேகமா ஏறும், பாறை மேல நின்னு பிடிக்கிறவங்க திரும்பி வர வழி முங்குறது சரியா அந்த நேரத்துல. அதனால ஏறும்போதே இறங்குற வழியை பாத்து வச்சுட்டு, இறங்க வேண்டிய நேரத்துக்கு போன்ல அலாரம் வச்சுக்கங்க. அலை ரிப்போர்ட்ல உயரத்தை மட்டும் பாக்காம ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுன்னும் பாருங்க, ஒரு மீட்டர் அலைதானேன்னு இருக்கும், 14 செகண்டுன்னு போட்டிருந்தா அது கரைல ரொம்ப மேல வரைக்கும் ஏறி வரும்.

டென்ட் பத்தி பெருசா எழுத ஒண்ணும் இல்ல, ஒரே ஒரு விஷயத்தை தவிர. கூட வர்ற மெல்லிசு கம்பி ஆணி மணல்ல ஒரு காத்துக்கு நிக்காது. துணிப்பைல மணலை நிரப்பி கயிறை அதுல கட்டி முழங்கை ஆழத்துக்கு புதைச்சு மேல மிதிச்சு விடுங்க, டென்ட் கிழிஞ்சாலும் கிழியும் அது வெளிய வராது. பாசியும் குச்சியும் ஒதுங்கி ஒரு கோடா கிடக்கும் பாருங்க, கடைசியா தண்ணி வந்தது அது வரைக்கும், பெரிய ஏத்தத்துக்கு அதைத் தாண்டியும் வரும், அதனால நல்லா மேல தள்ளி போடுங்க, வறண்ட ஓடை வாயில மட்டும் வேண்டாம்.

பிடிச்ச மீனை உடனே ரத்தம் வடிச்சு ஐஸ்ல போடணும், சூரை, அயிலை மாதிரி மீனுங்க வெயில்ல கிடந்தா உள்ள ஹிஸ்டமின் உருவாயிடும், அப்புறம் எவ்வளவு வேக வச்சாலும் அது போகாது, முகம் சிவந்து தலைவலி வாந்தின்னு படுத்திடும். கட்டியா இருக்குற ஐஸ் வாங்குங்க, உடைச்ச ஐஸ் சீக்கிரம் கரைஞ்சிடும். உப்பி பலூனாகுற பேத்தை மாட்டினா, அது விஷ மீன், போட்டோ எடுத்துட்டு விட்டுடுங்க. விஷமுள்ளு இருக்குற மீன் குத்தினா தாங்குற அளவு சூடான தண்ணில, 45 டிகிரி போல, குத்தின இடத்தை முக்கி வச்சா வலி அடங்கும், ஆனா அதோட விட்டுடாம டாக்டர்கிட்ட போயே ஆகணும், அதனால பக்கத்துல ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு மேப்பை ஆஃப்லைன்ல சேவ் பண்ணிட்டு கிளம்புங்க, அந்த மாதிரி இடத்துல சிக்னல் இருக்காது.

திரும்ப செட்டுக்கு வருவோம். கடைசில ராடோட நுனி வளையம் கழண்டு வந்துடுச்சு. கடைல ஹாட் மெல்ட்னு கிடைக்குற பசை குச்சி ஒரு துண்டு பைல இருந்துச்சு, லைட்டர்ல லேசா உருக்கி நுனில தடவி வளையத்தை மாட்டி, சூடு ஆறுறதுக்குள்ள மத்த வளையங்களோட நேர்ல திருப்பி வச்சேன், ட்ரிப் முடியற வரைக்கும் தாங்குச்சு. வந்த அப்புறம் மேல் துண்டு மட்டும் தனியா கிடைக்குமான்னு வித்தவங்ககிட்ட கேட்டா புது செட் வாங்கிக்கோங்க சார், ஆஃபர் போயிட்டு இருக்குன்னு பதில் வருது. இதே காசுக்கு கொஞ்சம் மேல போட்டா நாலு துண்டா கழட்டுற டிராவல் ராடு கிடைக்குது, ஜாயின்ட் வெளிய இருக்கும், மணல் போனா ஊதி விட்டுடலாம், பை மட்டும் கொஞ்சம் நீளம். அடுத்த தடவ நான் அதைத்தான் வாங்கப் போறேன், இந்த ரீலை அதுல மாட்டிக்குவேன். நீங்க எதை வாங்கினாலும் நுனித் துண்டு ஸ்பேர் விக்கிறீங்களான்னு முதல்ல மெசேஜ் போட்டு, ஆமான்னு பதில் வந்த அப்புறம் காசு கட்டுங்க.