தார் டயரை வீட்டில் மாற்றலாம், பேலன்ஸிங் எங்கே செய்வது?

மகிந்திரா தாரின் 245/75 ஆர்16 டயரை வீட்டு வாசலில் கழற்றி மாட்ட முடியுமா? தாராளமாக முடியும். ஆனால் மாட்டுவது வேறு, சக்கரம் ஆடாமல் சுழல எடையைச் சமன் செய்யும் பேலன்ஸிங் வேறு. முதலாவதில் கடைக்காரருக்கு இணையாகச் செய்துவிடலாம், இரண்டாவதில் அப்படி இல்லை.

கழற்றுவதில் பாதிக் கஷ்டம் பீட்டை, அதாவது ரிம்மில் இறுகி உட்காரும் டயரின் தடித்த ஓரத்தை, ரிம்மிலிருந்து பெயர்ப்பதில் இருக்கிறது. சிலர் இன்னொரு வண்டியை டயர் ஓரத்தில் ஏற்றுவார்கள். காசு செலவில்லை, ஆனால் அலாய் ரிம்மில் கீறல் விழும், பக்கச்சுவரும் அடிபடும். எனக்கு அது பிடிக்காது. ஜாக்கியின் அடிக்கட்டையை டயர்மேல் ரிம் ஓரமாக வைத்து வண்டியின் எடையை அதில் இறக்குவது நல்ல வழி. 'டப்' என்று சத்தம் வந்தால் பீட் விட்டுவிட்டது என்று அர்த்தம். மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். அடிக்கடி மாற்றுபவர் என்றால் தரையில் போல்ட் அடித்து நிறுத்தும் கை டயர் சேஞ்சர்தான் சரி.

அப்புறம் லிவர் வேலை, அதாவது இரும்புக் கம்பியால் டயரை ரிம்மிலிருந்து நெம்புவது. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். நீங்கள் லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிரே பீட்டை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால், இந்தப் பக்கம் தானாகத் தளர்வு கிடைக்கும். அதை விட்டுவிட்டுப் பலத்தைக் காட்டினால் பீட் கிழியும். என் முதல் டயர் அப்படித்தான் போனது. சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவுங்கள். கிரீஸும் எண்ணெயும் வேண்டாம். காற்றடிக்கும்போது வால்வ் பின்னைக் கழற்றிவிட்டால் காற்று வேகமாக உள்ளே போய் பீட் சுலபமாக உட்காரும். 40 பிஎஸ்ஐ வரைக்கும் உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவி முயலுங்கள். அதற்கு மேல் அடிப்பது உயிருக்கே ஆபத்து.

புது டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வையுங்கள். டயரின் எடை குறைந்த இடம் அது. வால்வ் எடை அதை ஓரளவு ஈடுகட்டும், பேலன்ஸிங்குக்காக ரிம்மில் ஒட்டவேண்டிய ஈய எடையும் குறையும்.

வீட்டு பேலன்ஸிங்கில் முதல் போட்டியாளர் பபிள் பேலன்சர், அதாவது மேலே குமிழி மட்டம் உள்ள கூம்புக் கருவி. கூம்பின் மேல் சக்கரத்தைப் படுக்க வைத்தால் குமிழி எடை குறைந்த பக்கம் நகரும். அங்கே ஈயத்தை வைத்து வைத்துப் பார்த்து, குமிழி நடுவட்டத்துக்கு வந்ததும் அதைப் பாதி உள்பக்கமும் பாதி வெளிப்பக்கமுமாக ஒட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் நன்றாகவே வரும். ஆனால் வெளிவிளிம்பில் ஓரிடத்திலும், உள்விளிம்பில் அதற்கு நேர் எதிரேயும் சம எடை கூடியிருந்தால் குமிழி நடுவிலேயே நிற்கும், சக்கரமோ ஓடும்போது இடவலமாக ஆடும். டயர் அகலமாக ஆக இந்தக் கோளாறு கூடும். மாருதி ஜிம்னியின் 195/80 ஆர்15-க்கு பபிள் போதும் என்பேன். தாருக்கு முழுமையாகப் போதாது.

இரண்டாவது, டயருக்குள் கொட்டும் சிறு மணிகள். பாறையில் உரசி ஈயம் கழன்றுவிடும் கவலை இல்லை. டயர் தேயத் தேய மணிகளும் இடம் மாறிச் சரிசெய்துகொள்ளும். சேற்றிலேயே கிடக்கும் பெரிய எம்டி (சேற்றுப் பாதைக்கான) டயருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் ஈரக்காற்று உள்ளே போனால் மணிகள் கட்டியாகும். வடிகட்டி இல்லாத வால்வ் பின்னில் சிக்கிக் காற்று கசியும். பஞ்சர் சீலன்ட் ஊற்றினால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மெதுவாகப் போகும்போது வேலையும் செய்யாது.

கடை மெஷின் சக்கரத்தைச் சுழற்றி உள்விளிம்பு, வெளிவிளிம்பு இரண்டையும் தனித்தனியாக அளக்கிறது. வீட்டில் அதற்கு ஈடு கிடையாது. அதனால் டயரை நானே மாட்டி, நான்கு சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகிறேன். கோவை–சேலம் சாலையில் 90-ல் ஸ்டியரிங் நடுங்காமல் இருக்க அந்தச் சில நூறு ரூபாய் தகும். ஸ்டெப்னிக்கு மட்டும் பபிள்.

மலையிறங்கியதும் ஸ்டியரிங் ஆடினால் எதையும் தொடும் முன் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள். காய்ந்த சேறு ஒரு கை அளவு ஒட்டியிருந்தாலே போதும், எந்த பேலன்ஸிங்கும் நிற்காது.