ஹாப்ஸா, சீஃபா: பள்ளி ஆலோசகருக்கு எதைக் கற்றுத்தருவது?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள ஏ.டி.எச்.டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) உள்ள மாணவர்கள் பலருக்குப் பாடம் புரியாததல்ல சிக்கல். வீட்டுப்பாடத்தைச் செய்தும் இருப்பார்கள். தாள் மட்டும் பைக்குள் எங்கோ கசங்கிக் கிடக்கும். அமெரிக்காவில் ஜோஷுவா லாங்பெர்க் குழு, பள்ளி ஆலோசகர்களே நடத்தும் ஹாப்ஸ் (HOPS), சீஃப் (CHIEF) என்ற இரண்டு திட்டங்களை ஏ.டி.எச்.டி உள்ள 280 மாணவர்களிடம் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. இரண்டிலும் 16 அமர்வுகள், அமர்வுக்குச் சுமார் 20 நிமிடம், பள்ளி நேரத்திலேயே.

சீஃபில் மாணவர் ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடிக்கிறார். எவ்வளவு முடிப்பது என்று முதலில் இலக்கு, கவனம் வேலையில் இருந்தால் புள்ளி. ஆலோசகருக்குக் கற்றுத்தருவது சுலபம். ஆனால் புத்தகத்தையே மறந்துவிட்டு வரும் பிள்ளைக்கு என்ன செய்வது? மாற்று வேலை கைவசம் இல்லாவிட்டால் அன்றைய அமர்வு வீண்.

ஹாப்ஸ் அந்த மறதியிலேயே கைவைக்கிறது. கோப்பு, பை, லாக்கர் ஒவ்வொன்றுக்கும் சரிபார்ப்புப் பட்டியல், வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதும் பழக்கம், தேர்வுக்கு நாள்வாரியாகத் திட்டம், பெற்றோருடன் சந்திப்பு. ஆலோசகர்களுக்கான பயிற்சி சறுக்குவது பெரும்பாலும் பட்டியலில்தான். "பை சுத்தமாக இருக்கிறதா" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "பையில் தனித்தாள் ஒன்றுகூட இல்லை" என்று எழுதினால் யார் பார்த்தாலும் ஆம் அல்லது இல்லைதான். இன்னொரு சறுக்கல்: ஆலோசகர்கள் பேசிப் பழகியவர்கள். "ஏன் மறந்தாய்" என்று தொடங்கினால் 20 நிமிடமும் பேச்சிலேயே போய்விடும், பை திறக்கப்படாது. முதலில் பை, பிறகு பேச்சு என்பதை நடித்துக்காட்டிப் பழக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் அதே பாடவேளையில் மாணவரை வெளியே அழைத்தால் அந்தப் பாட ஆசிரியர் முகம் சுளிப்பார். வேளையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

வீட்டுப்பாடத் தொல்லை, ஒழுங்கு இரண்டிலும், பெற்றோர் கணிப்பில், இரு திட்டங்களுமே எந்தத் திட்டமும் பெறாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட நல்ல பலன் தந்தன. வித்தியாசம் தெரிந்தது நடத்தைச் சிக்கல் கடுமையாக இருந்த மாணவர்களிடம்: அவர்களுக்கு ஹாப்ஸ் கூடுதலாக உதவியது. ஆகவே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஹாப்ஸையே கற்றுத்தரலாம். வேலையைத் தொடங்கவே முடியாமல் தவிக்கும், ஆனால் பையை ஒழுங்காக வைத்திருக்கும் மாணவருக்கு மட்டும் சீஃப் போதும்.