இனிப்பை விடப் புளிப்பே முக்கியம்: மூன்று பூஞ்சை ஒயின்கள்

இனிப்பு ஒயினை மதிப்பிடும்போது நான் முதலில் தேடுவது இனிப்பை அல்ல, அதைத் தாங்கி நிற்கும் புளிப்பைத்தான். போட்ரைட்டிஸ் சினேரியா என்னும் பூஞ்சை, பழுத்த திராட்சையின் தோலில் நுண்துளையிட்டு நீரை வற்றச் செய்வதால், சர்க்கரையோடு புளிப்பும் செறிந்துவிடுகிறது. அந்தப் புளிப்பு குன்றிய ஒயின் வெறும் பாகாகிவிடும்.

முதலில் சுவைத்தது பிரான்சின் சொத்தேர்ன். குளிர்ந்த சிரோன் ஆறு கரோன் ஆற்றோடு கலக்கும் அப்பகுதியில் இலையுதிர்காலக் காலைகளில் எழும் மூடுபனி பூஞ்சையை வளர்க்க, பிற்பகல் வெயில் அது வெறும் அழுகலாக முற்றிவிடாமல் காக்கிறது. வானிலை பொய்த்தால் எல்லாம் வீண்: அப்பகுதியின் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டமான ஷாட்டோ டிக்கெம் 2012-ஆம் ஆண்டில் தன் இனிப்பு ஒயினை வெளியிடவே இல்லை. நான் திறந்த குப்பி வேறொரு தோட்டத்தினுடையது. பொன்னிறமும் தேன், ஆப்ரிகாட், குங்குமப்பூ மணமும் மனத்தை ஈர்த்தன. ஆனால் கோப்பையைச் சுழற்றியபோது நகப்பூச்சை நினைவூட்டும் காட்டமான நெடி மேலெழுந்தது. இவ்வகை ஒயினில் அது சிறிதளவு இருப்பது இயல்பே என்றாலும், இதில் பழமணத்தையே மறைத்துவிட்டது. விழுங்கிய பிறகும் இனிப்பு நாக்கில் பிசுபிசுத்தது.

அடுத்தது ஹங்கேரியின் டோக்காய் ஆசு, 6 புத்தோன்யோஷ். புத்தோன்யோஷ் என்பது ஒரு பீப்பாய்க்கு எத்தனை கூடை வற்றிய திராட்சை சேர்த்தார்கள் என்ற பழைய கணக்கு. இன்று 6 என்றால் லிட்டருக்குக் குறைந்தது 150 கிராம் சர்க்கரை. இவ்வளவு சர்க்கரை இருந்தும், ஃபுர்மின்ட் திராட்சையின் கூர்மையான புளிப்பு ஒவ்வொரு மிடறின் முடிவிலும் வாயைத் துடைத்ததுபோல் சுத்தமாக்கியது. முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு இஞ்சி, கடைசியில் தேநீரை ஒத்த மெல்லிய துவர்ப்பு என்று சுவை படிப்படியாக மாறியதை நிதானமாகப் பின்தொடர முடிந்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடித்திருந்தால் இதில் பாதியை இழந்திருப்பேன். ஏறத்தாழ 11 டிகிரிக்கு வந்த பிறகே இஞ்சி மணம் வெளிப்பட்டது.

பூஞ்சையால் வற்றிய ரீஸ்லிங் திராட்சையில் செய்யப்படும் ஜெர்மனியின் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேசையும் சுவைத்தேன். ஆல்கஹால் குறைவு, புளிப்பு மிகக் கூர்மை. மிகச் சிறந்த ஒயின்தான். ஆனால் இன்னும் இளமையானது, பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியது.

என் தேர்வு ஆசுவே. மீதியை மூடிக் குளிரில் வைத்திருந்தேன்; ஐந்தாம் நாளும் அதன் ஆரஞ்சு மணம் அப்படியே இருந்தது, சொத்தேர்னில் அந்த நெடி மட்டுமே எஞ்சியிருந்தது.