9 எம்எம்மா, 6 எம்எம்மா, பார்லோவா: மொட்டைமாடியில் ஒரு ஐபீஸ் அலசல்

என்னிடம் இருப்பது 6 அங்குல டாப்சோனியன், அதாவது கையால் தள்ளித் திருப்புகிற கண்ணாடி டெலஸ்கோப், குவியத் தூரம் 1200 எம்எம். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் இருக்கும் என் மச்சினனிடமும் அதே டெலஸ்கோப்தான். பெட்டியோடு வந்த 25, 10 எம்எம் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கிற லென்ஸ் குழல்), பிளாசல் என்கிற சாதாரண வகை, ரெண்டும் இருவருக்கும் பொது, அதற்கு அப்புறம்தான் பாதை பிரிந்தது. நான் காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஐபீஸோடு சேர்த்துச் சொருகினால் உருவத்தை இரட்டிப்பாக்கும் 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்று வாங்கினேன், அவன் 66 டிகிரி அகலப் பார்வை ஐபீஸில் 9 எம்எம், 6 எம்எம் என்று ரெண்டு வாங்கினான். தென்காசியில் ஒரு வாத்தியாரிடம் 8-24 ஜூம் ஐபீஸ் இருந்தது, அதை ஒரு மாதம் இரவல் வாங்கி வைத்திருந்தேன். ஆக, மூன்று கட்சியையும் செங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வைத்தே மோதவிட்டுப் பார்த்தாயிற்று.

கணக்கு எளிது. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் எம்எம்மால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வந்துவிடும். 25க்கு 48 மடங்கு, 10க்கு 120, அவனுடைய 9க்கு 133, 6க்கு 200. பார்லோவைச் சொருகினால் என் 25 பன்னிரண்டரை ஆகி 96 மடங்கு, 10 ஐந்தாகி 240. காகிதத்தில் ஜெயித்தது நான். விட்டத்தில் ஒரு எம்எம்முக்கு 2 மடங்கு வரை தாங்கும் என்பார்கள், அப்படிப் பார்த்தால் 6 அங்குலக் கண்ணாடி 300 வரை போகும், நான் 240ல்தானே நிற்கிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் நம்ம ஊர்க் காற்று அந்தக் கணக்கைப் படித்ததில்லை. கணவாய் வழியாக வரும் காற்று கீழே காற்றாலைகளைச் சுற்றவைக்கும், மேலே வியாழனைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் நாணயம் மாதிரி ஆக்கிவிடும். முதல் நாள் 240ல் வைத்து, பட்டைகள் தெரியுதா என்று மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, “அத்தான், ஆடுதுல்லா?” என்றான். ஆடத்தான் செய்தது. அவனுடைய 9 எம்எம்மைப் போட்டதும் உருவம் சின்னதாகிவிட்டது, ஆனால் பட்டை ரெண்டும் வெட்டினாற்போல் தெரிந்தன. மூன்று வருஷமாகப் பார்க்கிறேன், 133ஐத் தாண்டிப் போய் உபயோகமாக எதையாவது பார்த்த ராத்திரிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம், பெரும்பாலும் மாசி, பங்குனியில் காற்று அடங்கிய பின்னிரவுகள். அதனால் 6 எம்எம் நல்ல சரக்குதான் என்றாலும் அவனுக்கே அது ஆடம்பரம் என்பது என் கட்சி. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். 2025ல் ஒரு கோடாக இருந்த சனியின் வளையம் இனி வருஷத்துக்கு வருஷம் விரியுமே, அதற்கு வேண்டும் என்கிறான்.

பார்வை அகலம் சும்மா அழகுக்கு என்று நினைத்திருந்தேன், அது தப்பு. டாப்சோனியனில் மோட்டார் கிடையாது, கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அதாவது நிமிஷத்துக்குக் கால் டிகிரி. ஐபீஸின் பார்வை டிகிரியை மடங்கால் வகுத்தால் அது காட்டும் வானத்தின் அகலம் வரும். 200 மடங்கில் 50 டிகிரி பிளாசல் காட்டும் வானம் சரியாகக் கால் டிகிரி, ஒரு நிமிஷத்தில் கோள் ஓரத்தைத் தாண்டிப் போய்விடும். 66 டிகிரி ஐபீஸில் அதுவே ஒரு நிமிஷம் இருபது நொடி. இருபது நொடிதானே என்று தோன்றும், மாடியில் எட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது அந்த இருபது நொடியின் அருமை தெரியும்.

அந்த வரிசையில்தான் பிளாசலின் இன்னொரு வியாதியும் வெளியே வந்தது. பிளாசலில் கண்ணை வைக்க வேண்டிய தூரம் குவியத் தூரத்தில் முக்கால் பங்குக்குப் பக்கத்தில் இருக்கும், 10 எம்எம் என்றால் ஏழெட்டு எம்எம், இமை முடி கண்ணாடியில் உரசும். வீட்டில் ஒரு விசேஷத்துக்கு வந்திருந்த அத்தை, சித்தி, பிள்ளைகள் எல்லாருக்கும் சனியைக் காட்டினேன். ஐந்தாவது ஆளுக்கு அப்புறம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, மேகம் என்று நினைத்து வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸில் கண்மை, அதன்மேல் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. மச்சினனின் 9 எம்எம்மில் கண்ணுக்கு ஏறக்குறைய 15 எம்எம் இடம் இருக்கிறது. அவனுக்கு சிலிண்டர் பவர், கண்ணாடியைக் கழற்றினால் நட்சத்திரம் வால் முளைத்துத் தெரியும், அப்படிப்பட்டவர்களுக்கு இந்த இடம் கட்டாயம் வேண்டும். வெறும் கிட்டப்பார்வை, தூரப்பார்வை என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பிக்கொள்ளலாம், அவர்களுக்குப் பிளாசலே போதும். அகல ஐபீஸிலும் குறை உண்டு, கண்ணை லேசாக நகர்த்தினால் மொச்சைக்கொட்டை மாதிரி ஒரு கறுப்பு நிழல் குறுக்கே ஓடும். பழகிவிடும்.

ஜூமைப் பற்றிச் சுருக்கமாக: 50 முதல் 150 மடங்கு வரை ஒரே திருப்பில் கிடைக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட வசதி இல்லை. ஆனால் 24ல் வைத்தால் பார்வை 40 டிகிரிக்குச் சுருங்கிவிடும், அகலமாகப் பார்க்க வேண்டிய இடத்தில் குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். வாத்தியாருக்குச் சரி, எனக்கு வேண்டாம்.

சரி, குறைந்த மடங்குக்கு என்ன? 32 எம்எம் பிளாசலும் 24 எம்எம் 68 டிகிரியும் காட்டுகிற வானத்தின் அகலம் கிட்டத்தட்ட ஒன்றே, 1.3 டிகிரி சொச்சம், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் முக்கிய நட்சத்திரங்கள் முழுசாக அடங்கும். ஐபீஸ் சொருகும் ஒன்றேகால் அங்குலக் குழாயில் அதற்கு மேல் வழியில்லை, 40 எம்எம் வாங்கினாலும் அதே வானத்தைச் சின்னதாக்கித்தான் காட்டும். விலையில் 32 பிளாசல் ரொம்பக் குறைவு, ஆனால் 24ல் மடங்கு 50 என்பதால் பின்னணி கருக்கும், மங்கல் பொருள்கள் எழுந்து நிற்கும். ஊர் விளக்கு இருக்கும் செங்கோட்டைக்கு 24, மரத்துக்கு நடுவே இருட்டில் இருக்கும் ஆரியங்காவுக்கு 32 என்று நாங்களே பாகம் பிரித்துக்கொண்டோம். சித்திரை மாதம் தெற்கே ஒமேகா செண்டாரி என்கிற உருண்டை நட்சத்திரக் கூட்டம் நம்ம ஊரில் 33 டிகிரி உயரம் வரை ஏறும், டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது நமக்குக் கண்ணுக்கு நேரே. 24ல் அது மாவைத் தூவிய மாதிரி, 9ல் அந்த மாவு பொடிப்பொடி நட்சத்திரமாகப் பிரியும்.

உங்களுடையது 130/650 (விட்டம் 130, குவியத் தூரம் 650 எம்எம்) மாதிரி எஃப்/5, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு, என்றால் என் தீர்ப்பு மாறும். என்னுடையது எஃப்/8. அங்கே 9 எம்எம் வெறும் 72 மடங்கு, அதனால் பார்லோவுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது, மலிவான அகல ஐபீஸ்கள் ஓரத்தில் நட்சத்திரத்தை இழுத்தும் காட்டும்.

மற்ற உபரிகளில் நிலா ஃபில்டர் வாங்காதீர்கள், டெலஸ்கோப்பின் முன்மூடியில் சின்னத் திறப்பு இருந்தால் அதை மட்டும் திறந்தாலே நிலா அடங்கும். டெலஸ்கோப்பின் கண்ணாடிகளை நேர்ப்படுத்தும் லேசர் கொலிமேட்டர் ஒன்று ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன், ஐபீஸ் குழாயில் வைத்து உருட்டினால் புள்ளி நின்ற இடத்தில் நிற்காமல் வட்டம் போட்டது, அதாவது அதுவே கோணல். அந்த வேலைக்கு, நடுவில் ஓட்டை போட்ட மூடி ஒன்று எஃப்/8க்குப் போதும். ஐபீஸில் திருகுகிற சின்ன சூரிய ஃபில்டர் எதாவது பழைய பெட்டியில் இருந்தால் குப்பையில் போடுங்கள், சூட்டில் வெடித்தால் கண் போகும். சூரியனுக்கு முன்பக்கம் முழுதும் மூடுகிற ஃபில்டர் மட்டும்தான்.

கட்டாயம் வாங்க வேண்டியது என்று நான் சொல்வது ஐபீஸே இல்லை, காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும். சாரல் காலம் முடிந்து ஆவணியில் மச்சினன் 6 எம்எம்மை எடுத்துப் பார்த்தால் உள்லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. நீல ஜெல் ஈரம் குடித்ததும் ரோஸ் நிறமாகும், சூடாக்கினால் மறுபடி நீலம். நான் அதைத் தோசைக்கல்லில் வறுத்து வீட்டில் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திட்டு நியாயமானது, அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தில் படவே கூடாது. இப்போது அதற்கென்று ஒரு பழைய இரும்புச் சட்டி, சமையலறைச் சாவி அவளிடம்.