லினக்ஸ்ல போர்ட்டபிள் விண்டோஸ் ஆப்ஸ்: ஒயின் எவ்வளவு தூரம் கைகொடுக்குது?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சதும் பழைய லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் போட்டவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் அந்தக் கூட்டம்தான். பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், விஎல்சி எல்லாம் ஓகே, அதுல குறையே இல்ல. ஆனா வருஷக்கணக்கா பென்டிரைவ்ல போட்டு கூடவே தூக்கிட்டுத் திரிஞ்ச நோட்பேட் பிளஸ் பிளஸ், இர்ஃபான்வியூ, சுமத்ரா பிடிஎஃப், அப்புறம் பாமினி, டிஸ்கின்னு யூனிகோடுக்கு முந்தின தமிழ் எழுத்து முறைகள்ல அடிச்ச பழைய ஃபைல யூனிகோடுக்கு மாத்தற ஒரு குட்டி எக்ஸிஇ, இதையெல்லாம் விட மனசு வரல. அதுக்காக 4 ஜிபி ரேம்ல விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு அதுக்குள்ள முழு விண்டோஸ ஓட்டறதுன்னா லேப்டாப்புக்கு மூச்சு முட்டிடும். மிச்சம் இருக்கற வழி, விண்டோஸ் ஆப்ப லினக்ஸ்லயே ஓட வைக்கற ஒயின்ங்கற சாஃப்ட்வேர்தான்.

ஒயின் தனியா ஒரு விண்டோஸ ஓட்டறது இல்ல. ஆப் விண்டோஸ்கிட்ட ஃபைல திற, விண்டோ வரைன்னு கேக்கறத அப்படியே வாங்கி லினக்ஸுக்குப் புரியற மாதிரி செஞ்சு கொடுக்குது, அவ்ளோதான், அதனால ரேம் தின்னாது, சின்ன ஆப் எல்லாம் க்ளிக் பண்ணா சட்டுனு திறக்குது. 1993ல ஆரம்பிச்ச புராஜெக்ட், 1.0 வெளிய வர 2008 ஆயிடுச்சு, இப்ப வருஷா வருஷம் ஜனவரி வாக்குல ஒரு ஸ்டேபிள் ரிலீஸ் விடறாங்க. மின்ட், உபுண்டுவோட சொந்த ரெப்போல, அதாவது சாஃப்ட்வேர் கிடங்குல இருக்கறது கொஞ்சம் பழைய வெர்ஷனாதான் இருக்கும், ஒயின் புராஜெக்டோட சொந்த ஒயின்ஹெச்க்யூ ரெப்போவ சேத்துக்கிட்டா புதுசு கிடைக்கும்.

என்னைக் கேட்டா ஒயினுக்குப் பொருத்தமே இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற போர்ட்டபிள் ஆப்தான். பாதி ஆப் ஒயின்ல இன்ஸ்டால் ஆகற கட்டத்துலயே படுத்துடும், சர்வீஸ் போடணும், அப்டேட்டர் வேணும்னு இன்ஸ்டாலர் ஆயிரம் கேக்கும். போர்ட்டபிள்ல அந்தத் தொல்லையே கிடையாது, ஃபோல்டர விரிச்சோமா எக்ஸிஇய ஓட்டுனோமான்னு முடிஞ்சுது.

முதல் தடவை ஓட்டறப்ப மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும். கான்ஃபிகரேஷன் அப்டேட் ஆகுதுன்னு ஒரு குட்டி விண்டோ வந்து நிக்கும், அப்புறம் மோனோ போடவான்னு கேட்டாலும் கேக்கும், மைக்ரோசாஃப்டோட டாட் நெட்ல எழுதுன ஆப் ஓட அது வேணும், அந்த மாதிரி ஆப் ஓட்டறதா இருந்தா போட்டுக்கோங்க. டெர்மினல்லருந்து ஓட்டுனா ஃபிக்ஸ்மீ, ஃபிக்ஸ்மீன்னு வரி வரியா கொட்டும், அதப் பாத்து பதற வேணாம், இந்த வசதிய இன்னும் முழுசா எழுதலன்னு ஒயின் டெவலப்பருங்க தங்களுக்கே எழுதி வெச்ச குறிப்பு அது, முக்காவாசி நேரம் ஆப் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும்.

போர்ட்டபிள்ஆப்ஸ் டாட் காம்லருந்து எடுக்கறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும். ஆப்ப திறந்து விடற அவங்களோட லாஞ்சர் 32 பிட், உள்ள இருக்கற ஆப் 64 பிட்டா இருந்தாலும் லாஞ்சர் 32தான். உபுண்டு வகையறால ஒயின்32 இல்லன்னு மெசேஜ் காட்டிட்டு நின்னுடுச்சுன்னா 32 பிட்டுக்கான ஐ386 ஆர்க்கிடெக்சர சேத்து ஒயின்32 பேக்கேஜயும் போடணும். இல்லன்னா லாஞ்சர விட்டுட்டு ஆப்னு இருக்கற உள் ஃபோல்டருக்குள்ள போய் நிஜ எக்ஸிஇயவே நேரா ஓட்டலாம், ஓடும், ஆனா லாஞ்சர் செய்யற வேலை நடக்காது. லாஞ்சர்தான் ஆப் திறக்கறப்ப டேட்டா ஃபோல்டர்லருந்து செட்டிங்ஸ எடுத்து விண்டோஸ் செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரிலயும் ஆப்டேட்டா ஃபோல்டர்லயும் வெச்சுட்டு மூடறப்ப திரும்ப எடுத்து வெச்சுடும். நேரா ஓட்டுனா சில ஆப்போட செட்டிங்ஸ் ஒயின் ஃபோல்டர்லயே தங்கிடும், பென்டிரைவோட வராது.

அந்த ஒயின் ஃபோல்டர்தான் பிரிஃபிக்ஸ். ஹோம்ல டாட் ஒயின்னு மறைஞ்சு கிடக்கும், உள்ள டிரைவ் சி, ரெஜிஸ்ட்ரி எல்லாம் இருக்கும், ரெஜிஸ்ட்ரி சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், எடிட்டர்லயே திறந்து படிக்கலாம். எல்லா ஆப்பையும் ஒரே பிரிஃபிக்ஸ்ல கொட்டாதீங்க. ஒரு ஆப்புக்காக ஒயின்ட்ரிக்ஸ்ங்கற உதவி டூல்ல எதையாவது டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி ஃபைல்) போட்டா இன்னொன்னு நொண்டும். ஒயின்பிரிஃபிக்ஸ் வேரியபிள்ல வேற ஃபோல்டர் பாத் கொடுத்து ஓட்டுனா தனித்தனியா இருக்கும், பிடிக்கலன்னா அந்த ஃபோல்டர டெலிட் பண்ணிட்டுப் போயிட்டே இருக்கலாம்.

இப்ப தமிழ். நோட்பேட் பிளஸ் பிளஸ்ல தமிழ் ஃபைலத் திறந்தா கட்டம் கட்டமா தெரிஞ்சா ஃபான்ட் பிரச்சனை, விண்டோஸ் அளவுக்கு ஒயின் தானா மாத்து ஃபான்ட் தேடிப் பிடிக்காது. லினக்ஸ்ல இருக்கற ஃபான்ட் எல்லாம் ஒயினுக்கும் தெரியும், அதனால ஆப்போட ஸ்டைல் செட்டிங்ல போய் நோட்டோ சான்ஸ் தமிழ எடுத்து விட்டா சரியாயிடும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட் வேணும்னா டிரைவ் சில விண்டோஸுக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல டிடிஎஃப்ப காப்பி பண்ணா போதும். டைப்பிங்குக்கு விண்டோஸ் தமிழ் கீபோர்ட் டூல ஒயின்ல ஓட்டி மத்த லினக்ஸ் ஆப்ல அடிக்கலாம்னு மட்டும் கனவு காணாதீங்க, அது கீய பிடிக்கறது எல்லாம் ஒயினுக்குள்ளதான். லினக்ஸோட டைப்பிங் டூலான ஐபஸ்ல எம்17என் கீபோர்ட் தொகுப்பப் போட்டா தமிழ்99 லேஅவுட் இருக்கு, அதுலயே ஒயின் ஆப்லயும் அடிக்கலாம்.

ஓடாத பட்டியலும் உண்டு. ரூஃபஸ் மாதிரி பென்டிரைவ நேரடியா தொட்டு எழுதறது, சிபியு இசட் மாதிரி சொந்த டிரைவர் இறக்கறது, எவ்ரிதிங் மாதிரி விண்டோஸ் டிஸ்கோட என்டிஎஃப்எஸ் ஃபைல் டேபிள நேரா படிக்கறது, இதுக்கெல்லாம் நேரத்த வீணாக்காதீங்க, ஒயினோட எல்லை அது. விண்டோ வரையறதுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுக்கற டபிள்யூபிஎஃப்ல எழுதுன டாட் நெட் ஆப்ஸும் அடிக்கடி மக்கர் பண்ணும்.

போர்ட்டபிள்ங்கறதால பத்திரம்னு நினைக்கறவங்களுக்கு ஒன்னு சொல்லிடறேன். ஒயின்ல இசட் டிரைவ்னா உங்க லினக்ஸோட ரூட்டேதான், கண்ட கண்ட சைட்லருந்து எடுத்த எக்ஸிஇல ரான்சம்வேர் இருந்தா உங்க ஹோம் ஃபோல்டர்ல கை வைக்கறதுக்கு தடை எதுவும் இல்ல. ஒயினோட செட்டிங்ஸ் விண்டோவான ஒயின்சிஎஃப்ஜில டிரைவ்ஸ் டேப்ல இசட்ட எடுத்துடலாம், கொஞ்சம் நிம்மதி, ஆனா அதுவே முழு வேலி கிடையாது. அதே ஒயின்சிஎஃப்ஜில டெஸ்க்டாப் இன்டக்ரேஷன்ல ஃபைல் அசோசியேஷன் டிக்கையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஒரு நாள் டெக்ஸ்ட் ஃபைல க்ளிக் பண்ணா ஒயினோட மொக்கை நோட்பேட் வந்து நிக்கும், செம கடுப்பு. எழுத்து குட்டியா தெரிஞ்சா கிராஃபிக்ஸ் டேப்ல டிபிஐய 96லருந்து ஏத்துங்க.

டெர்மினலே வேணாம்னு சொல்றவங்களுக்கு ஒயின க்ளிக் பண்ணியே ஓட்டற பாட்டில்ஸ்ங்கற ஆப் இருக்கு, பிரிஃபிக்ஸ அழகா பிரிச்சு வெச்சுக்கும், ஆனா ஆப்ப தனி வேலிக்குள்ள வெக்கற ஃப்ளாட்பேக்ல வர்றதால பென்டிரைவ்ல இருக்கற ஃபோல்டர் அதோட கண்ணுக்கே தெரியாது, ஃப்ளாட்சீல்ங்கற பர்மிஷன் டூல்ல அனுமதி கொடுக்கணும், பென்டிரைவையே நம்பி இருக்கறவங்களுக்கு இது ஒரு எரிச்சல். காசு கொடுத்து வாங்கற ஒயின் வெர்ஷனான கிராஸ்ஓவர் கோட்வீவர்ஸ் கம்பெனியோடது, ஒயின் கோட்ல பெரும்பங்கு எழுதறதும் அவங்க ஆளுங்கதான், ஆஃபிஸ் மாதிரி பெரிய சாஃப்ட்வேர் ஓட்டணும்னா ட்ரையல் போட்டுப் பாருங்க, நாலு போர்ட்டபிள் எக்ஸிஇக்காக அது தேவையே இல்ல.